சோம்பேறி என்று நாங்கள் பேர் வைத்த நோய்

என் மனைவியைப் பதினோரு வருஷம் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். கோபத்தில் எப்போதோ ஒரு முறை அல்ல, காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம். டிபன் பாக்ஸ் தயாராக இருக்காது. அவள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், சித்திரை வெயிலிலும் தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு. "ஊரே வெந்து சாவுது, உனக்கு மட்டும் குளுருதா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுப்பேன். சிப்காட் போய்ச் சேரும் வரை என் தலையெழுத்தை நானே நொந்துகொள்வேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எல்லாம் மகள் பிறந்த அன்று தொடங்கியது. குழந்தை நன்றாக இருந்தது. அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நானும் அவள் தம்பியும் கடலூர் முழுக்க அலைந்து ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தோம். பிழைத்துக்கொண்டாள். டாக்டர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

பால் வரவில்லை. என் அம்மா தினமும் முதுநகர் மீன் மார்க்கெட்டுக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வந்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டு செய்து கொடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறா தின்றால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மூன்று வாரம் அவள் முகம் சுளிக்காமல் தின்றாள். ஒரு சொட்டு இல்லை. "புள்ள மேல ஆச இருந்தா தானா சொரக்கும்" என்றாள் அம்மா, அவள் காதில் விழும்படியாகவே. நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. டப்பா பால் வாங்கி வந்து கொடுத்தேன்.

மாதவிலக்கும் திரும்ப வரவில்லை. இது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அதை நாங்கள் ஒரு சௌகரியமாக எடுத்துக்கொண்டோம் என்பதுதான் இப்போது நினைத்தாலும் என் மனதை அறுக்கிறது. சொந்தக்காரர்கள் வீட்டில் படையல் என்றாலும், சிதம்பரத்தில் ஆனித் தேர் என்றாலும், மற்றப் பெண்களிடம் நாள் கேட்பார்கள். இவளிடம் கேட்க மாட்டார்கள். "அவளுக்கு என்னா, எப்பக் கூப்டாலும் வரலாம்" என்பார்கள். அந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் என் வீட்டில் அவளுக்கு நல்ல பேர் இருந்தது. முப்பது வயதுகூட ஆகாதவளுக்கு ஏன் நின்றுபோனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நடுவில் ஒருமுறை தைராய்டு பரிசோதனை செய்தோம். ஒரே ஒரு எண்தான் பார்த்தார்கள். அது நார்மல். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக எடுத்து வைத்து, மச்சான் வரும்போதெல்லாம் காட்டுவேன். "பாரு மச்சான், உங்க அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் மனசுதான்." அவன் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுப்பான். அவள் உள்ளே படுத்திருப்பாள்.

போன ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் வாந்தி, பிறகு பேச்சு குழறியது. உடம்பில் உப்பு குறைந்துவிட்டது என்று ஏற்கெனவே அந்த வருஷத்தில் இரண்டு முறை படுத்து எழுந்தவள்தான். அப்போது நான் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? ரசத்தில் ஒரு பிடி உப்பு கூடப் போட்டுக் கொடுத்தது. இந்த முறை மச்சான் என்னிடம் கேட்கவே இல்லை. காரை எடுத்து வந்து, அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். நான் பின்னாலேயே வண்டியில் போனேன்.

அங்கே டியூட்டியில் இருந்த பெண் டாக்டர் அவளுடைய புருவத்தைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார். இரண்டு இடத்திலும் முடி உதிர்ந்திருந்தது. அப்புறம் கேட்டார்: "பிரசவத்துல ரத்தம் ஜாஸ்தியா போச்சா? கொழந்தைக்குப் பால் வந்துச்சா? அதுக்கப்புறம் மாசாமாசம் தலைக்கு ஊத்துனாங்களா?"

ஆமாம், இல்லை, இல்லை என்றேன். பதினோரு வருஷமாக எங்களுக்குத் தெரிந்திருந்த மூன்று பதில்கள்.

ரத்தம் எடுத்துக்கொண்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் சலைனும் ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

மூளைக்கு அடியில் அவரைக்கொட்டை அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். பால் சுரக்க, மாதவிலக்கு வர, தைராய்டும் அட்ரீனலும் வேலை செய்ய, எல்லாவற்றுக்கும் அதன் முன்பகுதிதான் உத்தரவு போடுகிறது. கர்ப்பத்தில் அது பெருத்திருக்கும். பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனால் அதற்கு ரத்தம் கிடைக்காமல் செத்துவிடலாம். ஸ்கேனில் அந்த இடம் ஏறக்குறைய காலியாக இருந்தது. நான் டாக்டரிடம் அந்தப் பழைய தைராய்டு காகிதத்தை நீட்டினேன். "இது தைராய்டுக்கு உத்தரவு போடுற ஹார்மோன். உத்தரவு போடுறதே கெட்டுப்போனப்புறம் இந்த நம்பர நம்ப முடியாதுங்க. தைராய்டு சொரக்கிறதத் தனியா பாக்கணும்" என்றார். பார்த்தபோது அது அடிமட்டத்தில் இருந்தது.

முதலில் ஸ்டீராய்டு, சில நாள் கழித்துத்தான் தைராய்டு மாத்திரை. முறை மாறினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி எடுத்தால் ஊசி, ஆயுசுக்கும் நிறுத்தவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஸ்டீராய்டா? கிட்னி போயிடும்டா" என்றாள். "இத நிறுத்துனா ஆளே போயிடுவா" என்று கத்தினேன். அம்மாவிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் முறை. பதினோரு வருஷம் தாமதமாகக் கத்தினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் எழுந்தபோது வாசல் தெளித்திருந்தது, துணி காய்ந்துகொண்டிருந்தது, அடுப்பில் குழம்பு கொதித்தது. அவள் அடுப்பு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். "என்னாம்மா, மயக்கமா வருதா? மாத்திர போட்டியா?" என்றேன்.

"போட்டேன். ஒண்ணும் பண்ணல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஏங்க, நீங்கள்லாம் தெனமும் இப்டித்தான் இருப்பீங்களா? உடம்பு இவ்ளோ லேசா?"

எனக்குப் புரியவில்லை.

"எல்லாருக்கும் என்ன மாதிரிதான் கனமா இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன். அவுங்கள்லாம் அதத் தாங்கிக்கிட்டு வேல செய்யிறாங்க, நான்தான் சோம்பேறின்னு."