வேறு ஷெட்டுக்குப் போன சரக்கு

பாகலூர் பஸ்ஸில் ஒரே ஒரு முறை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண் அவர். நீலக் கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. என் மடியிலிருந்த மருத்துவ ரிப்போர்ட்டின் உறையில் ஸ்டிக்கர் சுருண்டிருந்தது. கேட்காமலேயே கட்டைவிரலால் அதை நீவி ஒட்டினார்.

“சரக்கு அனுப்புற டிஸ்பேட்ச்ல இருக்கேங்க்கா. கை சும்மா இருக்காது.” எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படித்துவிட்டு விலாசம் ஒட்டுகிறாராம். ரிப்போர்ட்டை வாங்கி வேகமாகப் படித்தார்.

என் மகனுக்கு மூன்று வயதிலேயே சிறுநீரகக் கல். பெங்களூர் டாக்டர் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்திருந்தது. யாரிடமும் கேட்காததை இவரிடம் கேட்டேன்.

“தெனமும் கீரை கொடுத்தேன். அதனாலயா?”

“கீரையக் கொறைங்க. ஆனா காரணம் அது இல்லக்கா. ஈரல் செல்லுல, கல்லாகுற உப்பு சேராம தடுக்கிற ஒரு புரதம். சரக்கு நல்ல சரக்குதான், செல்லுக்குள்ளயே வேற ஷெட்டுக்குப் போயிடுது. கறி தின்னுற மிருகத்துக்கு அது அந்த ஷெட்டுக்குத்தான் போவணும். எலை, பழம்னு தின்னு வளந்த நம்ம வம்சத்துல அட்ரஸ் மாறிடுச்சு. பையனுக்கு மறுபடி அந்தப் பழைய ஷெட்டுக்கே போவுது.”

“அப்ப என்னால இல்ல.”

அவர் ரிப்போர்ட்டை உறைக்குள் போட்டு என் மடியில் வைத்தார்.

“அந்தத் தப்பு அட்ரஸ் உங்ககிட்டருந்து பாதி, அவங்கப்பாகிட்டருந்து பாதி வந்திருக்கும்க்கா. நீங்க செஞ்சது இல்ல. வந்தது.”

தன் கம்பெனி நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்.

‘உங்களால் இல்லை’ என்று மட்டும் சொல்லி முடித்திருக்கலாமே என்று சில நாள் அவர்மேல் கோபம் வருகிறது. ஆனாலும் கணவரிடம்கூட எடுக்க முடியாத இந்தப் பேச்சை, எப்போதாவது பேசுவதென்றால், அவரோடுதான் பேச முடியும்.