மிளகுக் களத்தில் ஏழு குண்டுகள்

"கறக், கறக்" என்று பின்சக்கரத்துக்குள் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் சக்கரம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், எனக்குப் பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடம் ஐந்து மைல். அந்தப் பாதையில் அப்போது பஸ் கிடையாது. அப்பா ஓட்டித் தேய்த்த பழைய சைக்கிளை நம்பித்தான் நான் படித்தேன். "சைக்கிள் ஓடற வரைக்கும் போ கண்ணு, அது நின்னா நீயும் நின்னுக்க" என்று ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே அப்பா சொல்லியிருந்தார். அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை, என்னோடு படித்த எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாம் அதற்குள் நின்றுவிட்டிருந்தார்கள்.

சக்கரம் என்னால் தேயவில்லை. சந்தை நாள்தோறும் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, அதே சைக்கிளின் கேரியரில் நான்கு வாழைத்தார்களைக் கட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் தள்ளிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் போய்வருவார். சத்தம் வருகிறது என்று ஒரு மாதம் சொன்னேன். "வெளக்கெண்ணெய் ஊத்து அம்மிணி, செரியாப் போயிரும்" என்பார். நானும் ஊற்றினேன். உள்ளே மிச்சமிருந்த கிரீசையும் அந்த எண்ணெய் கரைத்து வெளியே கொண்டுவந்துவிட்டது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சைக்கிள் கடைக்குப் போவதென்றால் கீழே முள்ளுக்குறிச்சிக்குப் போகவேண்டும், மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போய், சைக்கிளைப் பஸ் கூரைமேல் ஏற்றி அத்தனை வளைவுகளையும் இறங்கவேண்டும். அதெல்லாம் தண்டம் என்று சொல்லி, தானே முழுசாகப் பிரித்து மாட்டி "ஓவராயில்" பண்ணுவதாகச் சித்தப்பா கிளம்பினார். கீழே ஒரு சைக்கிள் கடையில் ஆறு மாதம் இருந்தவராம். அந்த ஆறு மாதத்தில் என்ன கற்றார் என்று இன்றுவரை நான் யோசிக்கிறேன்.

தை மாதம், மிளகு காய்கிற சமயம். எங்கள் ஊரில் சமதளம் என்றால் களம் ஒன்றுதான். அதில் முக்கால்வாசிக்கு மிளகு பரப்பியிருந்தது. அதன் ஓரத்திலேயே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். "இங்க வேண்டாங்க சித்தப்பா, அந்தப் பக்கம் போயிரலாங்க" என்றேன். "எனக்குத் தெரியும், நீ போயி ஸ்பானர எடுத்துட்டு வா" என்றார். கீழே ஒரு துணிகூட விரிக்காமல், அச்சைச் சுற்றி உருளுகிற பேரிங் குண்டுகளைப் பிடித்து நிறுத்துகிற கோனை அவர் திருகி எடுத்தார். பக்கத்துக்கு ஒன்பதாகப் பதினெட்டு குண்டுகளும் சிதறி உருண்டன. தேய்ந்து, சொறி பிடித்து, கறுப்பு மசகு பூசிய இரும்புக் குண்டுகள், காய்ந்து சுருங்கிய கறுப்பு மிளகுக்குள் போனால் யாருக்குத் தெரியும்? நான் மண்டியிட்டுப் பொறுக்கினேன். பதினொன்று கிடைத்தது. இன்னும் ஏழு இருக்கிறது, மிளகைச் சலித்துவிடலாம் என்று கெஞ்சினேன்.

"ஏழு கொறஞ்சா சக்கரம் சுத்தாதா?" என்றார். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஆறு என்று போட்டு, ஆட்டம் தெரியக்கூடாது என்பதற்காகக் கோனையும் அதன்மேல் நட்டையும் மூச்சைப் பிடித்து முறுக்கினார். அதற்குள் பனி இறங்கியது, அம்மா மிளகை வாரக் கூடையோடு வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். "எல்லாத்தயும் எடுத்தாச்சுங்க அண்ணி" என்றார் சித்தப்பா. அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு மிளகை வாரினார்.

மறுநாள் அப்பா மூட்டையோடு கீழே போனார். வருஷக்கணக்காக எங்களிடம் மிளகு வாங்குகிற பாய், ஒரு வார்த்தை மிஞ்சிப் பேசாதவர், தராசுத் தட்டில் மிளகைக் கொட்டியபோது "டங்" என்று சத்தம் கேட்டிருக்கிறது. மேலும் கொட்ட மேலும் மூன்று. "ஏனுங்க, உங்க சரக்கு எப்பவும் சுத்தமா இருக்குமேங்க, இதென்னங்க?" என்று அவர் மெதுவாகத்தான் கேட்டாராம். ஆனால் மலையிலிருந்து வந்த மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். அப்பா வீட்டுக்கு வந்து நான்கு குண்டுகளையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து வாசலில் போட்டார். "எடைக்கு இரும்பு கலக்கறவன்னு பேரு வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார்.

"பாப்பாதான் சைக்கிளப் பிரிச்சுப் போட்டு வெளையாடிட்டு இருந்துச்சுங்கண்ணா" என்றார் சித்தப்பா, கண் இமைக்காமல். நான் இல்லை என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. "இனிமே சைக்கிளும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம்" என்று சொல்லி அப்பா சைக்கிளை மாட்டுக்கொட்டகையில் தூக்கிப் போட்டார்.

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அப்பாவைக் கொட்டகைக்குக் கூப்பிட்டேன். "இந்த நட்டக் கழட்டுங்கப்பா" என்றேன். அவர் கைவைத்தார், அசையவில்லை. காலை ஊன்றித் தம் கட்டினார்; அப்படியும் வரவில்லை. சுத்தியலால் ஸ்பானரை நான்கு தட்டு தட்டிய பிறகுதான் விட்டுக்கொடுத்தது. உள்ளே எண்ணினோம், ஐந்தும் ஆறும். "இத நான் முறுக்கியிருப்பனாங்கப்பா?" என்று கேட்டேன். அப்பா என் மணிக்கட்டைப் பார்த்தார், நட்டைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. நாளையே முள்ளுக்குறிச்சிக்குப் போய்ப் புதுக் குண்டும் கோனும் வாங்கி வருவார் என்று நான் நினைத்தேன்.

"தம்பியக் கேட்டா ஊடு ரெண்டாப் போயிரும் சாமி. நீ செஞ்சதாவே இருக்கட்டும், பாய்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.

என்னைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பினால் நான் செய்யவில்லை என்று ஆகிவிடும், நான் செய்யவில்லை என்றால் தம்பி பொய் சொன்னான் என்று ஆகிவிடும். ஆகவே நான் போகக்கூடாது. வீடு இரண்டாகாமல் இருக்க என் படிப்பைப் பாதியில் வெட்டினார்கள். இதை எழுதும்போதுகூட என் காது சூடாகிறது.

இப்போது அந்தச் சைக்கிள் இல்லை, காயலான் கடைக்குப் போய்விட்டது. களத்துக்கு சிமெண்ட் போட்டாகிவிட்டது. பஸ் ஊர் முனைக்கே வருகிறது, சித்தப்பாவின் பேத்திகள் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். போனவற்றில் எதற்காகவும் நான் ஏங்கவில்லை. போகாதது என் கோபம் மட்டும்தான்.

போன வருஷம் ஒரு காதுகுத்தில், பந்தியில் எனக்கும் அப்பாவுக்கும் எதிரே உட்கார்ந்திருந்த சித்தப்பா, என் பக்கத்திலிருந்த மகளிடம், "உங்கம்மா சின்ன வயசுல சைக்கிளப் பிரிச்சு மொளகுல குண்டக் கலந்துட்டா, தெரியுமா?" என்று வழக்கம்போல் ஆரம்பித்தார். எல்லோரும் வழக்கம்போல் சிரித்தார்கள். கல்லூரியில் படிக்கிற என் மகள் சிரிக்கவில்லை. "அதுக்காகவாங்க அம்மாவப் படிக்க உடல?" என்று கேட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார், இனிப் பயப்பட யாரும் இல்லை, இன்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் இலையிலிருந்து தலையை நிமிர்த்திப் பரிமாறுகிறவரைப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்றார்.