ஆடிக்கு அழைக்கப் போன அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேர் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அக்கா வருவதைக் கண்டு மெல்ல நழுவியவர்கள். அத்தனை பேரும் இன்று வந்திருக்கிறீர்கள். உடன்பிறந்த தம்பியாகக் கைகூப்பி வரவேற்கிறேன்.

அக்கா பிறந்தது கன்னட நாட்டு எல்லையோரம், ராமாபுரத்தில். அப்பாவுக்கு மானாவாரி நிலம். ராகியும் சோளமும் விளையும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த அக்காவை வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தி, சீக்கிரமே பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாமா குடிப்பார், அடிப்பார். இதையெல்லாம் மலரில் எழுத வேண்டாம் என்று சில பெரியவர்கள் சொன்னார்கள். எழுதாவிட்டால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார்.

அடி தாங்காமல் அக்கா வந்தபோதெல்லாம் அப்பாவே பஸ் ஏற்றிக் கொண்டுபோய்த் திரும்ப விட்டார். கடைசியாக அக்கா வந்த அன்று, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப, அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "என்னத் தாண்டித்தான் அவளக் கூட்டிட்டுப் போகோணும்" என்றார். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதன் பிறகு அக்கா எங்களோடுதான் இருந்தார்.

அப்பாவும் அம்மாவும் காலமான பின் அக்கா என்னை மைசூருக்கு அழைத்து வந்தார். சித்தாளாகக் கல்லும் மண்ணும் சுமந்து என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். இடுப்பு வலி வந்த பிறகு ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். விடுமுறை கிடைத்தால் ராமாபுரத்துக்குப் போய் அங்குள்ள பெண்கள் சங்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

அந்த நாட்களில்தான் எங்கள் பக்கத்து ஊர்களுக்குத் தரகர்கள் வரத் தொடங்கினார்கள். வரதட்சணை வேண்டாம், நகை வேண்டாம், கல்யாணச் செலவும் மாப்பிள்ளையுடையது, வடக்கே அவருக்கு நிலபுலன் இருக்கிறது என்பார்கள். கோயிலில் மாலை மாற்றியதும் பெண்ணை ரயிலேற்றிவிடுவார்கள். பிறகு அவள் போனில் பேசுவது குறையும். ஒரு நாள் அதுவும் நின்றுபோகும். ஊரில் எங்கள் எதிர்வீட்டு மஞ்சு அப்படிப் போனவள்.

மஞ்சுவின் அம்மா அக்காவைத் தேடி மைசூருக்கே வந்துவிட்டார். "புள்ள உசுரோட இருக்கறாளான்னு மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க அக்கா" என்று அழுதார். புகார் கொடுக்கப் போன இடத்தில், பெற்றவரே முன்நின்று நடத்திய கல்யாணம், பெண்ணே வந்து சொன்னால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம் விடுதிச் சமையலறையில், அக்காவோடு வேலை செய்த கன்னடக்கார அம்மா லீவு கேட்டிருக்கிறார். நம் ஆடி மாதிரி அவர்களுக்கு ஆஷாட மாதம், புதிதாகக் கட்டிக் கொடுத்த மகளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்று. அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"டேய் தம்பி, வடக்க போறதுக்கு டிக்கெட் போடு. மஞ்சுவ ஆடிக்கு அழைச்சுட்டு வரலாம்."

"அக்கா, அவங்க வெலைக்கு வாங்கிட்டுப் போனவங்க. அவங்ககிட்டப் போய் ஆடி, சீருன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கல்யாணம்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனாங்க? அப்பக் கல்யாணத்துக்கு உண்டான மொறையெல்லாம் செய்யட்டும்."

அக்கா, மஞ்சுவின் அம்மா, சங்கத்துப் பெண்கள் இருவர், மொழிபெயர்க்க நான். தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் பீகார் நண்பர்களிடம் கற்ற என் இந்தி, தூக்கு, இறக்கு, பார்த்து வா என்பதற்குமேல் அதிகம் போகாது. தட்டில் புடவை, வளையல், மஞ்சள், குங்குமம். மைசூர் மல்லிகை பாதி வழியிலேயே வாடிவிட்டது. மஞ்சு முன்பு போனில் சொல்லியிருந்த ஊர்ப் பெயரை வைத்து விசாரித்துப் போனோம். அந்த மாவட்டத்துப் பெண்கள் அமைப்பிலிருந்து ஒரு சகோதரி துணைக்கு வந்தார்.

மாட்டுக்கொட்டிலிலிருந்து சாணிக் கையோடு வந்த மஞ்சுவை அவளுடைய அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு போன ஆள் குறுக்கே நின்றான். விலை கொடுத்து வாங்கிய மாட்டை யாராவது திருப்பி அனுப்புவார்களா என்று கேட்டான். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சண்டை போடுவார் என்று நினைத்தேன். அக்கா தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடினார்கள். ஒரு மூதாட்டி, இது என்ன தட்டு என்று கேட்டார். எங்கள் பக்கம் இந்த மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்போம் என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன. இங்கேயும் ஆடியை ஒட்டி வரும் சாவன் மாதத்தில் மகள்கள் தாய்வீடு போவார்கள் என்றார். அந்த வீட்டைப் பார்த்துத் திரும்பி, "இவளுக்குக் கேட்க நாதியில்லை என்றீர்களே, இதோ இத்தனை பேர் வந்திருக்கிறார்களே!" என்று சத்தம் போட்டார். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊர்ப் பெண்கள் முன்னால் அந்த ஆளால் மறுக்க முடியவில்லை. மாதம் முடிந்ததும் அனுப்பிவிட வேண்டும் என்று சொல்லி வழிவிட்டான்.

"அத்தை, நெசமா என்னையத்தான் கூப்பிட வந்தீங்களா?" என்று ரயிலேறும்வரை மஞ்சு கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஆடி முடிந்ததும் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட மஞ்சுவின் அப்பா கிளம்பினார். "திருப்பி அனுப்பாட்டி ஊரு என்ன பேசும்?" என்றார்.

"அழைக்கறதுக்குத்தான் மொறை. போறதும் இருக்கறதும் அவ இஷ்டம்" என்ற அக்கா, "நீ சொல்லு கண்ணு" என்று மஞ்சு பக்கம் திரும்பினார்.

"நான் போகமாட்டேன்" என்றாள் மஞ்சு. தரகர்மீது அவளே புகார் கொடுத்தாள். இன்று மைசூரில் தையல் வேலை செய்து சொந்தக் காலில் நிற்கிறாள்.

அதன் பிறகு ஒவ்வோர் ஆடிக்கும் அக்கா தட்டோடு கிளம்பினார். பெண் வராமல் தட்டோடு மட்டும் திரும்பிய ஆண்டுகளும் உண்டு. ஊரில் யார் வீட்டுக்கு வடக்கிலிருந்து பெண் பார்க்க வந்தாலும், "ஆடிக்கு யாரு போய் அழைப்பீங்க? வழி தெரியுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியிலேயே நின்றுபோன கல்யாணங்கள் பல. உங்களில் சிலர் வாங்கிய திட்டும் அதற்காகத்தான்.

சிறுநீரகக் கோளாறால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் சங்கத்துப் பெண்களிடம் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார். அக்காவை எடுக்கும் நேரத்தில் நான் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு நின்றேன். மஞ்சுவும் ஒரு கோடியோடு வந்தாள். பின்னால் அக்கா அழைத்து வந்த மற்றப் பெண்கள்.

"பொறந்த வீட்டுக் கோடி தம்பிதான் போடோணும். நீங்கெல்லாம் எந்த வகையில சொந்தம்?" என்று பெரியப்பா கேட்டார். இதைப் படிக்கும் பெரியப்பா கோபித்துக்கொள்ளக் கூடாது.

"எங்களுக்குப் பொறந்த வீடா வந்தவங்க அத்தைதானுங்க. அவங்களுக்கு நாங்க பொறந்த வீடு இல்லீங்களா?" என்றாள் மஞ்சு.

நான் விலகி நின்று அவளை முதலில் போடச் சொன்னேன்.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், விடுதித் தோழியருக்கும், சங்கத்துச் சகோதரிகளுக்கும், பெயர் கேட்க மறந்துபோன அந்த வடநாட்டு மூதாட்டிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கோபிநத்தம் பக்கத்திலிருந்து வடக்கே போன ஒரு பெண்ணிடமிருந்து சில மாதங்களாகப் போன் இல்லை. ஊர்ப் பெயரை விசாரித்து வைத்திருக்கிறோம். இந்த ஆடிக்கு மஞ்சு தட்டைத் தூக்குகிறாள், மொழிபெயர்க்க நான் போகிறேன். உறவினர்களில் யார் யார் வருகிறீர்கள் என்று இன்று சாப்பிட்டுவிட்டுப் போவதற்குள் சொல்லிவிடுங்கள். டிக்கெட் போட வேண்டும்.