வண்டி ஆறட்டும்

என் அக்காவின் கணவருக்கு வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் நிபுணர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏதோ பட்டம் கொடுத்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் மேற்பார்வையாளர் உத்தியோகம். அங்கே ஒரு இயந்திரத்தையும் அவரைத் தொட விடுவதில்லை என்று கேள்வி. புத்திசாலிக் கம்பெனி. அந்த ஏக்கத்தையெல்லாம் மனுஷன் வீட்டில் வந்து தீர்த்துக்கொள்கிறார்.

அவர் கைபட்டு ஒரு பொருளாவது உருப்பட்டதுண்டா? குளியலறைக் குழாயை அவர் சரிசெய்த நாளிலிருந்து அதைத் திறக்க இடுக்கி வேண்டும். படுக்கையறைக் கதவைச் செதுக்கிச் செதுக்கி, இப்போது அதைக் கொஞ்சம் தூக்கி இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் மூடும். மின்விசிறிக்கு ஒரே வேகம், அது புயல். யாராவது குறை சொன்னால், "பழகிட்டா சரியாப் போயிடும்" என்பார். நாங்கள் பழகிக்கொள்ள வேண்டுமாம், அவர் கற்றுக்கொள்ள மாட்டாராம்!

அக்கா இதற்கெல்லாம் வாய் திறக்க மாட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே அங்கே இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. வீட்டில் இருந்த ஒரே பைக்கைக் காலையில் அவள் எடுத்துக்கொண்டு போவாள், சாயங்காலம் நிபுணர் தெருக்கோடி டீக்கடை வரை போய் வருவார். வண்டி இருந்தால் அவளுக்கு வேலை உண்டு. வண்டி இல்லையென்றால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஒருநாள் அவள் அவரிடம் சொன்னாள். நானும் கூட இருந்தேன்.

"என்னங்க, முன் பிரேக் சரியில்ல. கிளம்பும்போது நல்லாத்தான் இருக்கு. பாலம் தாண்டினதும் யாரோ பின்னால இருந்து இழுக்கிற மாதிரி இருக்கு. கைப்பிடியில இருக்கிற பிரேக் லிவரத் தொட்டா கல்லு மாதிரி இருக்கு."

"வண்டி ஆறட்டும், பார்க்கலாம்" என்றார் நிபுணர்.

இது அவருடைய கொள்கை. சூடாக இருக்கும் வண்டியில் கை வைக்க மாட்டார். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, பழைய பனியனைப் போட்டுக்கொண்டு, ஸ்பேனர்களைத் துணியில் பரப்பி உட்காருவார். அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் தோற்றார் போங்கள். அன்றைக்கும் அப்படி உட்கார்ந்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அது பாட்டுக்குச் சுற்றியது.

"பாரு, பூ மாதிரி சுத்துது. பிரேக்ல ஒண்ணும் இல்ல. நீதான் லிவர் மேல விரல வச்சுக்கிட்டே ஓட்டுற."

"நான் விரல வைக்கவே இல்லங்க."

"வைக்கறது உனக்கே தெரியாது" என்றார்.

அவள் விடாமல் சொல்லவே, தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். ஓட்டிக்கொண்டு போகவில்லை, தள்ளிக்கொண்டு போனார். சூடாகிவிடக் கூடாதாம். அங்கேயும் மெக்கானிக் குனிவதற்கு முன்பே, "பேட் தேஞ்சிருக்கும், மாத்திடுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மெக்கானிக்கும் எதற்கு வம்பு என்று, டிஸ்க் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பேடை மாற்றி அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நாளில் அக்கா விழுந்தாள். பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பும் வளைவில், பிரேக்கைத் தொடக்கூட இல்லை, முன்சக்கரம் தானாக இறுகி நின்றுவிட்டது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

பார்க்க வந்தவர்கள் முன்னால் நிபுணர் கச்சேரியை ஆரம்பித்தார். இவளுக்கு வலி உயிர் போகிறது, அவர் வாசலில் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு விளக்கவுரை நடத்துகிறார். "ஹேண்டில் நேரா இருக்கு. டிஸ்க் வளையல. ஆயில் ஒழுகல. பேட் புதுசு. வண்டில ஒண்ணுமே இல்ல. ஓட்டினவ கிட்டதான் கோளாறு."

அவருடைய தம்பி பலமாகத் தலையாட்டினார். "அண்ணிக்கு எதுக்கு அண்ணே பைக்கு? வீட்ல இருக்கட்டும். வண்டிய நான் எடுத்துக்கறேன்." அண்ணனும் உடனே சரி என்றார். வேலைக்குப் போய்க் கிழித்தது போதும் என்று அக்காவிடம் வேறு சொன்னார். கட்டுப் பிரித்ததும் அவள் வராவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்று பரிசோதனைக் கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் தம்பியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

கட்டுப் பிரித்தாயிற்று. அந்த ஞாயிறு மத்தியானம் நான் போனபோது நிபுணர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அக்கா சாவியோடு வாசலில் நின்றாள்.

"வண்டிய எடுடி. நான் பின்னால உக்காந்துக்கறேன். மெதுவாப் போ. இறுக்க ஆரம்பிச்சதும் திரும்பிடு. எங்கயும் நிறுத்தி ஆற விடாத."

போனோம். முதலில் ஒன்றுமில்லை. வண்டி ஜோராகப் போனது. பாலம் தாண்டியதும் கனத்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் உறுமுகிறதே தவிர நகர மாட்டேன் என்கிறது. பிரேக் லிவரை விரலால் தட்டிப் பார்த்தேன், கல். அடிப்பாவி, இதிலா தினமும் இருட்டில் தனியாகப் போய் வந்தாள்! உடனே திருப்பினேன். வாசலுக்கு வந்தபோது கருகிய வாடை அடித்தது. அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து டிஸ்கில் கொஞ்சம் ஊற்றினாள். சுர்ரென்று ஆவி வந்தது.

சத்தம் கேட்டு நிபுணர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "யாரு வண்டிய எடுக்கச் சொன்னது? தம்பி வர்ற நேரம்!"

"முன்சக்கரத்த இப்பச் சுத்துங்க" என்றாள் அக்கா.

"சூடா இருக்கு. ஆறட்டும், காலையில..."

"இப்ப."

அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, குனிந்து பிடித்து இழுத்தார். அசையவில்லை. "அது, விழுந்ததுல டிஸ்க் வளைஞ்சிருக்கும்" என்றார். அன்றைக்கு ஊரைக் கூட்டி வளையவில்லை என்றவர் இவர்தானே!

"பிரேக் லிவரக் கழட்டுடி" என்றாள் அக்கா என்னிடம். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

"அதை எதுக்குக் கழட்டணும்?" நிபுணர் குறுக்கே வந்து நின்றார். ஸ்பேனர் எடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்துகிற மனுஷன் தடுக்கிறாரே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரை ஒதுக்கிவிட்டுத் திருகாணியைக் கழற்றினேன். லிவர் கையோடு வந்தது. அக்கா இடது கையால் சக்கரத்தைத் தள்ளினாள். தடையில்லாமல் சுற்றியது.

லிவரைத் திருப்பிப் பார்த்தேன். வேறு கம்பெனிப் பெயர் பொறித்திருந்தது, அது எங்கள் வண்டியுடையதே அல்ல. பிரேக் ஆயிலைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே அழுத்துகிற மூக்கில் அரம் வைத்து ராவிய தடம், மேலே கறுப்புப் பெயின்ட். ராவியும் மூக்கு ஒரு மயிரிழை நீளம் அதிகம். லிவரை விட்ட பிறகும் அது பிஸ்டனைக் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஓடும்போது ஆயில் சூட்டில் விரிகிறது, திரும்பிப் போக வழியில்லை, பிரேக் தானாக இறுகுகிறது. ஆறினால் விட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூ மாதிரி சுற்றும்.

"பழைய லிவர் எங்க?" என்றாள் அக்கா.

நிபுணர் மழுப்பிப் பார்த்தார், முடியவில்லை. அக்கா முதன்முதலில் குறை சொல்வதற்குக் கொஞ்ச நாள் முன்பு, வாசல் சரிவில் வண்டியை ஏற்றும்போது அவரே கீழே போட்டுவிட்டாராம். லிவர் உடைந்துவிட்டதாம். வெளியே சொன்னால் கேவலம் என்று, பெட்டியில் கிடந்த வேறு வண்டி லிவரை ராவி மாட்டிவிட்டாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் அத்தான், இத உங்க தம்பி தலையில வேற கட்டப் பார்த்தீங்களே! அவரு குழந்தைய முன்னால உக்கார வச்சுல்ல ஓட்டுவாரு?"

"சேச்சே, அவனுக்கு அப்படியே குடுப்பேனா?" ரோஷத்தோடு சொன்னார். "புது லிவர் வாங்கி வச்சிட்டேனே. சாயங்காலம் மாட்டித்தான் குடுக்கறதா இருந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. அக்கா தன் மணிக்கட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அந்தப் புது லிவர என் தங்கச்சிகிட்டக் குடுங்க. காலையில எனக்கு வண்டி வேணும்" என்றாள். "உங்க தம்பிக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார். மறுமுனையில் தம்பி, "இதோ கிளம்பிட்டேண்ணே" என்றார்.

"வர வேணாம்டா. வண்டி குடுக்கறதா இல்ல."

"ஏண்ணே, என்ன ஆச்சு?"

"அது வந்து, பிரேக்ல ஒரு சின்ன டெக்னிக்கல்..."

அக்கா போனை அவர் வாய்க்கு இன்னும் கிட்டத்தில் பிடித்தாள்.

"வண்டியக் கீழ போட்டு லிவர ஒடச்சது நான்தான்னு ஆரம்பிங்க."