கொல்லிமலையில் ஒரு விரற்கடைத் தெளிவு

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாமக்கல் பேருந்து நிலையத்தில் கொல்லிமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது என் மடியில் கேமரா பை இருந்தது. மனசுக்குள் நான் விட்ட சவடால் இருந்தது. இரண்டில் எது கனம் என்று காரவள்ளி வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

சவடால் இதுதான். முட்டைக் கம்பெனி அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி பூங்கொடிக்குத் தை மாதம் முடிவதற்குள் கல்யாணம். அவள் ஊர் மலை மேலே, வாழவந்தி நாடு. ஊர் முனையில் வைக்கிற ஃபிளெக்ஸ் பேனரில் பெற்றோர் படம் போட வேண்டும். அவள் அம்மா செல்லம்மாவுக்கோ, யார் கேமராவைத் தூக்கினாலும் கண் தானாக மூடிக்கொள்ளும். "என்ர படம் வேண்டாம், பேர மட்டும் போட்டுக்குங்க" என்று அம்மா சொல்லிவிட்டாராம். அம்மா இல்லாத பேனரே வேண்டாம் என்று மகள் அலுவலகத்தில் அழுதாள். திங்கட்கிழமை காலை படம் அச்சடிக்கும் கடைக்குப் போயாக வேண்டும். "இதுக்கா அழற? நான் எடுத்துத் தரேன்" என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் என் புது லென்ஸ். எண்பத்தைந்து எம்.எம்., முன்னும் பின்னும் இழுக்க முடியாத ஒற்றை நீள லென்ஸ். வெளிச்சம் நுழைகிற வாயை ஒன்று புள்ளி எட்டு வரை அகலமாகத் திறக்கும். இருட்டு அடுப்படியிலும் பிளாஷ் போடாமல், பத்தடி தள்ளி நின்று, வேலையாக இருக்கிறவரை அவருக்கே தெரியாமல் எடுத்துவிடலாம். இதைச் சொன்னேனே தவிர, மறுபாதியைச் சொல்லவில்லை. அத்தனை அகலமாகத் திறந்தால் தெளிவாக விழுவது ஒரு விரற்கடை ஆழம்தான். முன்னும் பின்னும் எல்லாம் பஞ்சு. அலுவலகப் பொங்கல் விழாவில் நான் எடுத்த படத்தில் மேனேஜரின் மீசை தெளிவு, மேனேஜர் மங்கல்.

காரவள்ளியில் பஸ் பத்து நிமிடம் நின்றது. டீ பன்னிரண்டு ரூபாய், இஞ்சி தூக்கலாக நன்றாக இருந்தது. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில் பக்கத்து இருக்கைப் பூங்கொடியின் முகத்தில் லென்ஸைப் பழகிப் பார்த்தேன். கம்மல் கண்ணாடி மாதிரி தெளிவாக விழுந்தது, கண் கலங்கலாக இருந்தது.

"ஏனுங்கக்கா, கம்மலுக்கா கல்யாணம்?" என்றாள்.

"பஸ் ஆடுது" என்றேன்.

"அக்கா, கேமராவ உள்ள வைங்க. கம்பிய புடிச்சுக்குங்க, விழுந்து தொலைச்சா உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வெக்கோணும்" என்று நடத்துனர் வந்து சொன்னார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உள்ளே வைத்தேன். முப்பதாவது வளைவுக்கு மேல் ஜன்னலில் குளிர் வந்தது. கீழே சமவெளி மூட்டத்தில் மறைந்துபோக, எனக்கு மனசு லேசாகிவிட்டது.

ஒன்பதரை மணிக்கு இறங்கினோம். மரவள்ளிக் காட்டின் ஓரமாக அரை மணி நேர நடை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி உச்சி வரை ஏறியிருந்தது. வீட்டு வாசலில் பெரிய நீலத் தார்ப்பாயில் பறித்த மிளகு காய்ந்துகொண்டிருந்தது. கல்யாணச் செலவில் பாதி அதில் கிடக்கிறது என்றாள் பூங்கொடி. அவள் அப்பா பழனிசாமி எழுந்து வந்து, "வாங்க அம்மிணி, ரோடு தலைய சுத்திருச்சுங்களா?" என்று சொம்பை நீட்டினார். செல்லம்மா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "படம் கெடக்குது, மொதல்ல சாப்புடு சாமி" என்றார்.

சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் முடிந்ததும் அடுப்படிக்குப் போனேன். அம்மா ஊதாங்குழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். கதவு வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. லென்ஸை முழுக்கத் திறந்து, திரையின் நடுப்புள்ளியை முகத்தில் வைத்து ஃபோகஸ் குறி பிடித்து, பிறகு கேமராவை லேசாகத் திருப்பிச் சட்டம் அமைத்து அழுத்தினேன். நாற்பது படங்கள். எல்லாவற்றிலும் கண் திறந்திருந்தது. "வெற்றி!" என்று கத்தியே விட்டேன்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது என் முகம் செத்துவிட்டது. மூக்குத்தியின் கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம் போலத் தெளிவு. கண் புகை. குறி பிடித்தபின் கேமராவைத் திருப்பினால் அந்த விரற்கடை இடம் மாறிவிடும் என்று எத்தனை முறை படித்திருக்கிறேன்! போதாக்குறைக்கு, ஒவ்வொரு ஊதலுக்கும் அம்மாவின் தலை முன்னே போய்ப் பின்னே வந்துகொண்டிருந்தது. அதையும் கவனிக்கவில்லை.

பூங்கொடி பார்த்துவிட்டு, "டீ வெக்கட்டுங்களாக்கா?" என்று எழுந்து போனாள். அதுதான் எனக்கு வலித்தது.

மாலையில் கேமராவை மாற்றி அமைத்தேன். நடுப்புள்ளியை விட்டுவிட்டு, குறிப்புள்ளியையே நகர்த்திக் கண் வரும் இடத்தில் வைத்தேன். ஆள் அசைந்தால் குறியும் கூடவே நகர்கிற முறைக்கு மாற்றினேன். ஷட்டர் வேகத்தை ஐந்நூறில் ஒரு பங்கு நொடிக்கு ஏற்றினேன், படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாக வந்தாலும் வரட்டும் என்று. பிறகு இருவரையும் வாசலில் சேர்த்து நிறுத்தினேன்.

அங்கே வேறு கதை. பழனிசாமி அப்பா எப்போதும் ஓரடி முன்னால். மலைப் பாதையில் முன்னால் நடந்த பழக்கம் போல. அவரைத் தெளிவாக்கினால் அம்மா மங்கல். "கொஞ்சம் பின்னால வாங்கப்பா" என்றால் அவர் வருவார், அம்மாவும் மரியாதையாக ஓரடி பின்னால் போவார். இப்படியே இருவரும் நகர்ந்து நகர்ந்து மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார்கள். பசு வந்து அப்பாவின் துண்டை மெல்லத் தொடங்கியது. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். படம் மட்டும் வரவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணி. பத்து மணிக்குத் திரும்புகிற பஸ். வாசலின் வெளி ஓரத்தில், பள்ளத்திலிருந்து எழும்பிய வெள்ளை மூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, மிளகுக் குவியலில் குறி பிடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். தோற்றேன் என்று பூங்கொடியிடம் எந்த முகத்தோடு சொல்வது என்ற கவலை. அப்போது கையில் ஒரு துளி விழுந்தது. அப்புறம் இன்னொன்று. தை மாதத்தில் மழை!

"ஏம்புள்ள! மொளகு!" என்று அப்பா உள்ளிருந்து ஓடி வந்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். இருவரும் தார்ப்பாயின் வீட்டுப் பக்க விளிம்பை இரண்டு முனைகளிலும் பிடித்து, அதை மிளகின் மேல் மடித்து மூடிக்கொண்டே என்னை நோக்கி வந்தார்கள்.

பார்த்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. முன்னே பின்னே போக யாருக்கும் வழியில்லை. இழுத்துப் பிடித்த விளிம்பு இரண்டு பேரையும் ஒரே கோட்டில், என்னிடமிருந்து ஒரே தூரத்தில் நிறுத்தியிருந்தது. குறிப்புள்ளி அம்மாவின் கண்ணில் இருந்தது. அம்மா கேமராவையே மறந்து நேராக என்னைப் பார்த்து, "ஏஞ் சாமி மரமாட்ட நிக்கற! வந்து மூலைய புடி!" என்று கத்தினார். அழுத்தினேன். நான்கு படங்கள். கேமராவைச் சால்வைக்குள் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு மூலையைப் பிடிக்க ஓடினேன். பூங்கொடியும் பாதி பின்னிய சடையோடு வந்து சேர்ந்தாள்.

மிளகு நனையவில்லை. நாங்கள் நான்கு பேரும் நனைந்தோம்.

உள்ளே போய் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, மூன்றாவது படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். இமை முடி ஒவ்வொன்றும் இருந்தது. இரண்டு கண்களும் இருந்தன. பக்கத்தில் அப்பாவும் அதே தெளிவில், அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி. சந்தோஷத்தில் கேமராவை அப்படியே பூங்கொடியிடம் நீட்டிவிட்டேன். அவள் பார்த்ததும் அழுதாள். இந்த முறை அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

செல்லம்மா அம்மா நெடுநேரம் பார்த்தார். "ஏனுங்க, எனக்கு இவ்ளோ பெரிய கண்ணுங்களா?" என்று கணவரிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியுமே புள்ள" என்றார் அப்பா. சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

"வாயி இப்புடித் தொறந்து கெடக்குதே, பேனருக்கு ஆவுமா?"

"அதுதான்மா நீங்க" என்றாள் பூங்கொடி.

கல்யாணத்துக்கு மறுபடியும் அதே பஸ், அதே நடத்துனர், அதே எழுபது வளைவுகள். ஊர் முனையில் பன்னிரண்டு அடி பேனர் நின்றது. கடைக்காரர் வழக்கம்போல எல்லோர் முகத்தையும் வெள்ளையடித்திருந்தார், பின்னால் இல்லாத ஓர் அருவியைக் கொட்டவிட்டிருந்தார். நல்லவேளை, கண்ணைத் தொடவில்லை.

கிட்டே போய் நின்றேன். செல்லம்மா அம்மாவின் ஒவ்வொரு கண்ணும் என் உள்ளங்கை அகலம். கருவிழியில் அன்றைய மூட்டத்தின் வெள்ளை, அதன் நடுவே இரண்டு முழங்கையையும் விரித்தபடி ஒரு சின்னக் கறுப்பு உருவம்.

பந்திக்குக் கூப்பிட வந்த அம்மா என் விரல் போன இடத்தைப் பார்த்தார். "அய்யோ, கண்ணுல என்ன சாமி கறை?" என்று முந்தானையால் துடைக்கப் போனார்.

கையைப் பிடித்துத் தடுத்தேன். என் வீட்டு ஆல்பம் பூராவும் மற்றவர்கள் படம்தான், எடுத்தவள் ஒன்றிலும் இல்லை.

"கறை இல்லீங்கம்மா. துடைச்சுராதீங்க, அது நான்" என்றேன்.