வித்தவுட் அண்ணாச்சி

எனக்கு வாய் நீளம். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டீக்கடையில் வடையும் பழம்பொரியும் போடுகிற லிங்கம் என்றால், "அந்த வாயாடியா?" என்பார்கள். வடை போடத் திருநெல்வேலியில் கற்றுக்கொண்டேன். வாய் பிறக்கும்போதே கூட வந்தது. சிவதாணு அண்ணாச்சியைப் பற்றிப் பேசும் முன் இதை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

அண்ணாச்சி எங்கள் கடையின் டீ மாஸ்டர். சுசீந்திரத்துக்காரர். இருபத்தாறு வருஷம் ஒரே பாய்லர் முன்னால் நின்றவர். கரமனையில் வாடகை வீடு, வீட்டில் செண்பகவல்லி மைனி. பிள்ளைகள் இல்லை. மனுஷன் குடிக்கிற டீயில் கரண்டியை நட்டால் சாயாமல் நிற்கும், அத்தனை சீனி. அப்படிப்பட்டவருக்கு ஒரு செருப்புக்கடி வந்தது. பத்து நாள், இருபது நாள், ஆறவேயில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டு, காலையும் மாலையும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வந்த அன்று அவர் செய்த முதல் காரியம், தனக்கென்று ஒரு வித்தவுட் போட்டதுதான். சீனி இல்லாத டீக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். கடைக்குள் போய்க் குடிக்காமல் எல்லாரும் பார்க்க முன்னால் நின்று குடித்தார். வேப்பெண்ணெய் குடித்த பிள்ளையைப்போல முகம் கோணியது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அனூப் என்று ஒரு மலையாளி கண்டக்டர். முப்பத்துநாலு வயசு, அதற்குள் சுகர். அவனுடைய அப்பாவுக்குச் சுகரால் கண் போய்விட்டது, அப்படியும் பயலுக்கு மூன்று கரண்டி சீனி வேண்டும். அண்ணாச்சி அவனிடம் சீனியை விடச் சொல்லவில்லை. இரண்டு கிளாஸில் வித்தவுட் போட்டு அவன் முன்னால் வைத்தார்.

"சாரே, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. நீங்க சீனி போட்டா நானும் போட்டுக்குவேன். நான் போட்டா இன்னொரு விரல் போவும். உங்க இஷ்டம்."

"இதென்னா அண்ணாச்சி, பிளாக்மெயிலோ?" என்றான் அனூப். ஆனால் குடித்தான்.

அப்படித்தான் ஒவ்வொருவராக வந்தார்கள். டிரைவர்கள், லாட்டரிக்காரர், சாலை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். யாராவது முரண்டு பிடித்தால் ஸ்டூலில் காலைத் தூக்கி வைப்பார். "எண்ணிப் பாருங்க. நாலு. நீங்க அஞ்சோட இருங்க சாரே." கரமனையிலிருந்து பஸ்ஸில் வருவதையும் விட்டுவிட்டு, அந்தக் காலோடு நடந்தே கடைக்கு வந்தார். தினமும் வழியில் பார்த்துப் பார்த்து, இரண்டு டிரைவர்களும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குத்தான் எரிந்தது. பின்னே? என் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, "வடை ஒண்ணு போதும் சாரே" என்பார். என் பிழைப்பில் கை வைக்கிறார் என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். சமயம் கிடைக்கட்டும் என்றிருந்தேன். கிடைத்தது.

தை மாதம் ஒரு நாள், பால் கேன் எடுக்கக் கடைக்குப் பின்னால் போனேன். அண்ணாச்சி சுவரோடு சாய்ந்து நின்று, டப்பாவிலிருந்து சீனியைக் கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் கத்தினேன்.

"ஓடி வாங்கடே! ஊருக்குத்தான் உபதேசமாம்! மாஸ்டர் கள்ளத்தனமா சீனி திங்காரு!"

கடையே திரண்டு வந்தது. அண்ணாச்சியின் மீசையில் சீனி ஒட்டியிருந்தது.

"இல்லடே... ஊசி போட்டா சில நேரம் சுகர் ரொம்ப இறங்கிரும். அப்ப சீனி திங்கணும்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"ஆமா, சொல்லுவாரு! அப்படியே ரெண்டு தம்ளர் பாயசமும் குடிக்கச் சொன்னாரா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணாச்சி மீசையைத் துடைத்துக்கொண்டு பாய்லருக்குப் போனார். மறுநாள் அனூப் வந்து, "மூணு கரண்டி போடு" என்றான். அண்ணாச்சி அவனையே பார்த்தார். "அண்ணாச்சியே சீனி தின்னுனு. பின்ன எனக்கு மட்டும் என்னா?" என்றான் அவன். அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் சீனி கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் கிளாஸ் கழுவிக்கொண்டே அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "அனூப்புக்குப் பொம்பளப் பிள்ளை, மூணு வயசு. பாத்திருக்கியா லிங்கம்?"

"அவன் சீனி தின்னா உங்களுக்கென்ன அண்ணாச்சி? ஊர் வம்பெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

மறுநாள் அனூப் வந்ததும் அண்ணாச்சி டீக் கிளாஸைத் தொட்டுச் சத்தியம் செய்தார்: "இனி இந்தக் கடையில வச்சு என் வாயில சீனி பட்டா, என் கையால நீங்க யாரும் டீ குடிக்க வேண்டாம்." ஒரு வாரத்தில் அனூப் திரும்பவும் வித்தவுட்டுக்கு வந்தான். மற்றவர்களும் வந்தார்கள். என்ன பிடிவாதம் இந்த மனுஷனுக்கு என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மாசியில் ஆற்றுகால் பொங்காலை. அதற்கு முந்தின நாளே ரோடெங்கும் செங்கல்லும் பானையுமாகப் பெண்கள் அம்மனுக்குப் பொங்கலிட இடம் பிடித்துவிட்டார்கள். கடையில் மூச்சுவிட நேரமில்லை. விடியற்காலையில் ஊசி போட்டுக்கொண்டு வந்த அண்ணாச்சி, பத்தரை மணி வரை ஒரு இட்லிகூடச் சாப்பிடவில்லை. கை நடுங்கி, ஆற்றுகிற டீ கிளாஸுக்கு வெளியே சிந்தியது. நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. பாய்லர் முன்னால் நிற்கிறவனுக்கு வியர்க்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய கை சட்டைப் பைக்குள் போனது. எதிரே அனூப் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான். அண்ணாச்சி அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். பாழாய்ப்போன வாய் சும்மா இருக்குமா?

"என்ன அண்ணாச்சி, பையில என்ன வச்சிருக்கீங்க? திரும்பவும் கள்ளத்தனமா?"

கை வெறுமனே வெளியே வந்தது. "ஒண்ணுமில்லடே" என்றார். இன்னும் நாலு டீ போட்டார். ஐந்தாவது கிளாஸை எடுக்கும்போது சாய்ந்து விழுந்துவிட்டார்.

முகத்தில் தண்ணீர் தெளித்தோம். விசிறினோம். நெஞ்சைத் தேய்த்துவிட்டோம். அவர் தலை கிடந்த இடத்திலிருந்து ஒரு முழத்தில் சீனி மூட்டை இருந்தது. கண் முன்னால் இருந்தும் எங்களில் ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை. ரோடெல்லாம் அடுப்பு, ஆட்டோ நகரவில்லை. கடைசியில் அனூப் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பானைகளுக்கு நடுவே ஓடினான். ஆஸ்பத்திரியில் டாக்டர், சுகர் அடிமட்டத்துக்குப் போய் நெடுநேரம் ஆகிவிட்டது என்றார். "சுயநினைவு இருக்கும்போதே கொஞ்சம் சர்க்கரை தின்னிருந்தா போதும். டீக்கடையிலயா ஜோலி செய்தாரு?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாம் நாள் அண்ணாச்சி போய்விட்டார்.

அவருடைய சட்டைப் பையிலிருந்து நர்ஸ் எடுத்துக் கொடுத்தது இரண்டு ஆரஞ்சு மிட்டாய். ஒன்றில் காகிதம் பாதி பிரிந்திருந்தது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குக் கரமனைக்குப் போனேன். எல்லாரும் சாப்பிட்டுப் போகும் வரை நின்றேன். செண்பகவல்லி மைனி அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"தினமும் நான்தான் தம்பி மிட்டாய் வச்சு விடுவேன். தை மாசத்திலிருந்து ஒண்ணுகூடக் குறையாம அப்படியே திரும்பி வரும். மயக்கம் வரல போலன்னு நானும் சந்தோஷப்பட்டேன்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். தை மாதம் நான் கத்தியது, பாயசம் என்று கேலி செய்தது, கடைசி நாள் கேட்ட கேள்வி, எல்லாம். "என் நாக்குதான் மைனி அவரைக் கொன்னுது. அடிங்க என்னை" என்று அழுதேன்.

மைனி கையிலிருந்த தட்டை ஒருமுறை கழுவினார், மறுபடியும் கழுவினார்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு தம்பி. கடையில எல்லாரும் சிரிச்சாங்கன்னு. மீசையில சீனியோட நின்னேன்னு சொன்னாரு. அதைக் கேட்டு..." தட்டைக் கவிழ்த்து வைத்தார். "நானும்தான் சிரிச்சேன்."

பிறகு உள்ளே போய், மிச்சமிருந்த மிட்டாய்ப் பாக்கெட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "கடையில எல்லாருக்கும் எட்டுற மாதிரி வச்சிரு. யாரு எடுத்தாலும் ஏன்னு கேக்காத."

வடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல், மூடியில்லாத டப்பாவில் வைத்திருக்கிறேன். தீர்ந்தால் வாங்கிப் போடுகிறேன். அனூப்புக்கும் இப்போது ஊசிதான். வித்தவுட்டை மட்டும் அவன் விடவில்லை. போன வாரம் டீ குடிக்க வந்தவனுக்குக் கை நடுங்கியது, முகம் வியர்த்தது. டப்பாவுக்குள் கையை விட்டபடி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு வடையைப் புரட்டினேன். பின்னால் மிட்டாய்க் காகிதம் பிரிகிற சத்தம் கேட்கும் வரை நான் திரும்பவில்லை.