ஒழுங்கையே ஒளித்து வைத்த உம்மா

எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகலான தெருவில், நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூட ஒரு பாடம் தெரிந்திருந்தது. நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டு, கையில் ஃபைலோடு முன்பின் தெரியாத ஆள் யாராவது வந்து என் உம்மாவைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒருவர் இங்கே இல்லவே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். கல்முனைப் பக்கத்தில் அடுத்த வீட்டு விஷயத்தை ஊரெல்லாம் கதைக்காமல் எங்களுக்குச் சோறு இறங்காது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

உம்மா இந்தியாக்காரி. ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். வாப்பா சவூதியில் வேலை செய்தபோது உம்மாவின் காக்காவும், அதாவது அண்ணனும், அவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். அந்தச் சிநேகிதம் கலியாணத்தில் முடிந்தது. மூன்று மாத விசாவில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த உம்மாவின் வயிற்றில் நான் வந்து சேர்ந்தேன். பயணம் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் பிறந்தேன், பின்னால் தம்பியும் பிறந்தான். விசா எப்போதோ முடிந்துபோயிருந்தது. கொழும்புக்குப் போய்க் கேட்டால் பிடித்து அனுப்பிவிடுவார்கள், ஒருமுறை போனால் பிறகு திரும்பி வர விடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை வாப்பா நம்பினார். சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த வாப்பா பயந்த மனிதர். "மறுகா பார்ப்பம்", அதாவது பிறகு பார்க்கலாம் என்பதுதான் எந்தக் கேள்விக்கும் அவருடைய பதில்.

எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுடையது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். கடல் தாண்டி வந்த உம்மாவுக்கு இங்கே ஏது வீடு? வாப்பாவின் ராத்தா, அதாவது எங்கள் மாமி, தனக்குச் சீதனமாக வந்த வீட்டு வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறை கட்டிக்கொள்ள இடம் விட்டார். தம்பி பெண்சாதிக்கு வளவு கொடுத்தவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று மாமி வருஷக்கணக்காகச் சொல்லிக்காட்டினார். ஆனால் உம்மாவை ஒளிக்க முதலில் ஓடுவதும் அவர்தான். பொலிஸ் ஜீப் பெரிய வீதியில் திரும்பினாலே போதும், பின்வேலித் தகரத்தைத் தூக்கி உம்மாவை அடுத்த வளவுக்குத் தள்ளிவிடுவார். ஜீப் யாருடையோ மாடு களவு போன விஷயமாக வந்திருக்கும்.

உம்மாவின் வாப்பா மவுத்தான செய்தி ஃபோனில் வந்தது. அங்கே மையித்தை அடக்கத்துக்கு எடுக்கும்வரை உம்மா இங்கே ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தார். ஒழுங்கைப் பெண்கள் வந்து சுற்றியிருந்து யாசீன் ஓதினார்கள். மாமி கஞ்சி காய்ச்சினார். மையித்து இல்லாமலே எங்கள் வீட்டில் ஒரு மவுத்து வீடு நடந்தது.

நான் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது காரைதீவிலிருந்து ஒரு புது டீச்சர் வந்தார். எல்லாரிடமும் "உங்கட அம்மா என்ன செய்யிறா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். டீச்சர் சாரிதான் உடுத்திருந்தார், ஃபைலும் இல்லை. இருந்தாலும் தெரியாத ஆள்தானே. நான் எழுந்து நின்று, "எங்கட உம்மா இல்ல டீச்சர்" என்றேன். டீச்சரின் முகம் ஒருமாதிரியாகிவிட்டது. அன்றிலிருந்து என் தலையைத் தடவாமல் அவர் என் மேசையைத் தாண்டியதில்லை. எனக்கென்ன, சந்தோஷம்தான்.

ஒரு நாள் பின்னேரம் டீச்சர் ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை. உள்ளே எனக்கென்று இரண்டு சட்டையும் ரிப்பனும். கதவைத் திறந்தது உம்மா.

"தாயில்லாத பிள்ளை, பாவம். நீங்க பிள்ளைக்கு என்ன முறை?" என்று டீச்சர் கேட்டார்.

நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். உம்மா கதவை அகலத் திறந்து, "நான்தான் டீச்சர் பெத்தவ. உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். டீச்சர் அழுதேவிட்டார். மன்னிப்புக் கேட்டார், தேத்தண்ணீரும் குடித்தார். சட்டைகளைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. உம்மா எனக்கு அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாப்பா கடையை மூடிவிட்டு வந்து சட்டையைக் கழற்றக்கூட உம்மா விடவில்லை.

"நாம கொழும்புக்குப் போறோம். புடிச்சா புடிக்கட்டும். நான் உசிரோட இருக்கும்போதே எம் புள்ள என்னை மவுத்தாக்கிட்டா."

போனார்கள். யாரும் பிடிக்கவில்லை. கட்ட வேண்டிய தண்டத்தைக் கட்டச் சொன்னார்கள், கலியாணப் பதிவைக் கேட்டார்கள். இருவரும் உண்மையாகவே ஒன்றாகக் குடும்பம் நடத்துகிறார்களா என்று பார்க்க ஓர் அதிகாரி ஊருக்கு வருவார், அவர் சரியென்றால் விசா, இல்லையென்றால் உம்மா இந்தியாவுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்த வாப்பா இதை மாமியிடம்கூட மூச்சு விடவில்லை. காரியம் முடியுமுன் வெளியே சொன்னால் கண்ணூறு பட்டுவிடுமாம். அத்திவாரம் போட்டாலும் மாப்பிள்ளை பேசினாலும் எங்கள் ஊரில் இதே கதைதான். கொழும்புக்கு ஏன் போனீர்கள் என்று கேட்ட மாமிக்கு, கண் டொக்டரிடம் போனோம் என்று சொல்லி வைத்தார்.

அதிகாரி வந்த அன்று வாப்பா கடைக்குச் சாமான் எடுக்க அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார். நீளக் காற்சட்டை, சப்பாத்து, ஃபைல், ஒரு குறையும் இல்லை. இளம் சிங்களவர், தமிழை யோசித்து யோசித்துப் பேசினார். ஒழுங்கை முனைக் கடையில் கேட்டார். அப்படி ஒரு பெண் இங்கே இல்லை என்றார் கடைக்காரர். அடுத்த வீட்டில் வாப்பாவின் பெயரைச் சொல்லி அவருடைய வீடு எது என்று கேட்டார். அவருக்கு இங்கே வீடே கிடையாது என்றார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி அது பொய்யும் இல்லை. அதற்குள் மாமி உம்மாவை வேலிக்கு அந்தப்பக்கம் தள்ளியாகிவிட்டது. வந்திருப்பது யார் என்று கேட்கக்கூட உம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கடைசியில் அதிகாரி மாமியிடமே வந்து சேர்ந்தார். ஒரு பொய் போதுமான இடத்தில் மாமி நாலு சொல்லுவார்.

"என்ட தம்பியா? அவனுக்குக் கலியாணமே ஆகல்ல சேர்! பொண்ணு பார்த்துப் பார்த்து என்ட கால் தேஞ்சு போச்சு."

"அப்ப இந்தப் பிள்ளை?" என்று அவர் என்னைக் காட்டினார். நான் குர்ஆன் ஓதப்போய்விட்டு அப்போதுதான் வந்து நின்றேன்.

"இது என்ட மகள்." மாமி என்னை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டார். "அல்லாஹ்ட்ட அழுது கேட்டுப் பெத்த ஒரே புள்ள." மாமி பெற்ற ஐந்து பேரில் கடைசியானவன் பக்கத்தில் நின்று ஐஸ்பழம் சூப்பிக்கொண்டிருந்தான்.

அதிகாரி ஃபைலைத் திறந்து ஏதோ எழுதினார். "சரி. அப்பிடி ஒரு ஆள் இங்க இல்லை எண்டு கொழும்புக்கு எழுதுறேன்" என்றார்.

கொழும்பு என்றது வேலிக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்க வேண்டும், வேலித் தகரம் சடசடத்தது. உம்மா வந்தார். அடுத்த வளவில் ஒளிந்திருந்த நேரத்தில் அவர்களுக்கு இடியப்பம் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார், கையெல்லாம் மா. இரண்டு பெண்கள் பின்னால் பிடித்து இழுக்க, திமிறிக்கொண்டு வந்து அதிகாரியின் முன்னால் நின்றார்.

"நான்தான் சார் நீங்க தேடுற ஆளு. இது என் புள்ள. நான் இங்கதான் இருக்கேன்."

மாமி தலையில் கை வைத்தார். "அல்லாட காவல்! நான் இவ்வளவு பாடுபட்டு ஒளிச்சா, நீ வந்து நிக்கிறியே புள்ள!"

"மச்சி, இவரு என்னை அனுப்ப வரல. நான் இங்கயே இருக்கலாமான்னு பாக்க வந்திருக்காரு. நாங்கதான் கொழும்புல போய்க் கேட்டோம்" என்று உம்மா மாமியிடம் சொன்னார்.

மாமி வாப்பாவை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. கண் டொக்டரையும் விடவில்லை. ஏசி முடிந்ததும் அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"சேர், நான் இவ்வளவு நேரமும் செல்லினது முழுக்கப் பொய். இனிச் செல்லப்போறதுதான் உண்ம."

ஒழுங்கையே திரண்டுவிட்டது. இல்லை இல்லை என்ற வாய்களெல்லாம் இப்போது ஓம் ஓம் என்றன. என்ட மகள்ட பேறுகாலத்துக்கு ஆசுபத்திரியில நிண்டது இவதான் என்றார் ஒருவர். கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "மாங்காய்க்கும் தேங்காய்க்கும் என்னோட சண்டை பிடிக்கிற பொம்பிளை சேர் இவ. இவவத் தெரியாம இருக்குமா?"

"எல்லாரும் முதல்ல பொய் சொன்னீங்க" என்றார் அதிகாரி. யாரும் மறுக்கவில்லை. உம்மாவை இப்போதே கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்று நினைத்து நான் உம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி உம்மாவின் மா படிந்த கைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் எழுதியதை நீளமாக ஒரு கோடு போட்டு வெட்டினார்.

"இல்லாத ஆளுக்காக இவ்வளவு பேர் பொய் சொல்ல மாட்டாங்க" என்றார். "தேத்தண்ணி தாங்க. முதல்ல இருந்து எழுதுவம்."

விசா வந்த அன்று மாமி வட்டிலப்பம் அவித்து ஒழுங்கை முழுக்கக் கொடுத்தார். இனி யாராலும் உம்மாவை எங்கேயும் அனுப்ப ஏலாது என்று வாப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் அதை அப்படியே நம்பினேன். அந்த மாதம் முடியவில்லை, உம்மா அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கித் தூசு துடைத்தார். தம்பியைக் கூட்டிக்கொண்டு தன் உம்மாவைப் பார்க்க இந்தியாவுக்குப் போகிறாராம். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அதனால் நான் மாமியோடு.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கொழும்பு பஸ் ஏறக் கல்முனைக்குப் போகும்வரை உம்மாவோடு கதைக்கவே இல்லை. பஸ்ஸுக்குள் கால் வைக்கப் போனவரைப் பார்த்து வாய் பொறுக்காமல் கேட்டேன்.

"போறதெண்டா எதுக்கு விசா எடுத்தீங்க?"

வாப்பாவும் மாமியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உம்மா சிரிக்கவில்லை. "இது இருந்தாத்தாண்டி போக முடியும்" என்று என் நெற்றியில் முத்தமிட்டார். பெரியவர்களுக்கெல்லாம் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்ன தவணைக்கு உம்மா திரும்பி வந்தார். முகம் சதை வைத்திருந்தது. ஒழுங்கை முனையிலேயே கடைக்காரரோடு உரத்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டு நடுவழியால் நடந்து வந்தார். நான் கோபத்தை மறந்து ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். நான் பிறந்ததிலிருந்து அந்தப் பயணம் வரை, விசா கேட்டுக் கொழும்புக்குப் போனதைத் தவிர, உம்மா எங்களை விட்டுவிட்டு ஒரு நாளும் எங்கேயும் போனதில்லை. போக விருப்பமில்லாமல்தான் இருக்கிறார் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.